அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? சேர்மாதேவிப் பக்கம் நான்கு பள்ளிகள்

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தாள். சேர்மாதேவியில் எனக்கு ஒரு சின்ன நெட் சென்டர். ஜெராக்ஸ், லேமினேஷன், சாதிச் சான்று, காலேஜ் விண்ணப்பம் எல்லாம் உண்டு. பீடிக்கடையில் அன்றைய பீடியை ஒப்படைத்துவிட்டு, மறுநாளைக்கான இலையும் தூளும் வாங்கிக்கொண்டு வந்தவள், பையைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தாள்.

"ஏல, ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஃபாரம் போட்டுக் குடுக்க. உன் மருமவளுக்கு எந்த ஸ்கூல்னு மட்டும் வாயைத் தொறக்க மாட்டேங்க."

நியாயம்தான். மருமகள் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அங்கே அதற்கு மேல் வகுப்பு கிடையாது. கணக்கு நன்றாக வரும், பேச்சு குறைவு. அவள் தம்பி அதே பள்ளியில் ஐந்து முடித்து ஆறுக்குப் போகிறான். அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதே பள்ளியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அதில் யோசிக்க என்ன என்று நானும் விட்டுவிட்டேன். அது தப்பு என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு ஊர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் பள்ளிகள் எவை என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் பள்ளிகளுக்கும் நானே பெயர் வைத்துக்கொள்கிறேன். வாய்க்கால் கரையோரம், ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி, வாய்க்கால் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரைதான் உண்டு. பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர் போனால் அரசு மேல்நிலைப் பள்ளி, பன்னிரண்டு வரை, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது. அது பெரிய பள்ளி. இரண்டு பஸ் மாறிப் போனால் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நான்காவது, நூறு வருஷம் தாண்டிய ஒரு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. அதைப் பழைய பள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

உதவி பெறும் பள்ளி என்பது நம் சீமையில் பெரிய விஷயம். வேறு சில மாவட்டங்களில் ஊருக்குள் பள்ளி என்றால் அரசுப் பள்ளி என்றே அர்த்தம். இங்கே அப்படி இல்லை. 1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த காலம் தொட்டு மிஷன்காரர்கள் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார்கள். பின்னாலேயே இந்துக்களும் முஸ்லிம்களும் ஆரம்பித்தார்கள். பாரதி படித்த திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளி, அம்பையில் தீர்த்தபதி, கல்லிடைக்குறிச்சியில் திலகர் வித்யாலயம் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் பெயர்கள் இந்த வரிசையில் வருபவை. (இவை எதுவும் நான் பார்த்த நான்கில் இல்லை.) கட்டடமும் நிர்வாகமும் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு. தமிழ் வழியில் கட்டணம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. பாடப்புத்தகம், பத்தாம் வகுப்பு வரை சத்துணவு, பிளஸ் 1-ல் சைக்கிள் எல்லாமே அரசுப் பள்ளியைப் போலவே கிடைக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் உதவி பெறும் பள்ளியையும் 'கவர்மெண்ட் ஸ்கூல்' என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியும் அந்த வகைதான். அக்கா அங்கேதான் படித்தாள், நானும் அங்கேதான்.

முதலில் எல்லோரும் கேட்பது தேர்ச்சி சதவீதம். அத்தான் திருப்பூரிலிருந்து போனில் கேட்டதும் அதைத்தான். "எது நூத்துக்கு நூறு?" பழைய பள்ளி கேட்டிலேயே பேனர் கட்டியிருக்கிறது, அதைச் சொன்னேன். ஆனால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாய்க்கால் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 22 பேர். ஒரு பையன் கணக்கில் விழுந்தான், பள்ளி 95.45 ஆகிவிட்டது. பெரிய பள்ளியில் 240 பேர் எழுதி 12 பேர் விழுந்தால் 95. இரண்டும் பேப்பரில் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் ஒரு பையனுக்குக் காய்ச்சல், இன்னொன்றில் பன்னிரண்டு வீட்டில் அழுகை.

நூற்றுக்கு நூறு பேனரைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எட்டு வரை யாரையும் நிறுத்த முடியாது, ஒன்பதில் முடியும். ஆகவே அந்த பேட்ச் ஒன்பதில் எத்தனை பேராக இருந்தது, பத்தில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். பழைய பள்ளியில் ஒரு ஆசிரியரிடம் சாதாரணமாகப் பேசுவதுபோலக் கேட்டேன். ஒன்பதில் 118, எழுதியவர்கள் 97. மீதிப் பேர் எங்கே என்றேன். "சில பேர் டிசி வாங்கிட்டாங்க சார்" என்று சிரித்தார். யார் வாங்கச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

சதவீதத்தைவிட எனக்கு உபயோகப்பட்டது கரும்பலகையின் மூலை. நம் பள்ளிகளில் தினமும் காலையில் பலகையின் ஓரத்தில் பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதுவார்கள். நாங்கள் போனது பள்ளி கடைசி வாரத்தில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே. வாய்க்கால் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் பதிவு 26, வருகை 25. வராத ஒருத்தி யார், ஏன் வரவில்லை என்று வகுப்பாசிரியை எங்களிடமே சொன்னார், பாட்டி இறந்த பதினாறாம் நாளாம். பெரிய பள்ளியில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிரிவில் பதிவு 54, வருகை 38. அந்தப் பதினாறு பேரைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பக்கத்து வகுப்புப் பலகையில் தேதியே முந்தின வாரத்துத் தேதி. பெரிய பள்ளியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அறுநூறு, எழுநூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் வராததற்குக் காரணம் தெரிந்து வைத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளை வாய் திறக்காதவள். கூட்டத்தில் பின்பெஞ்சில் உட்கார்ந்து அப்படியே காணாமல் போகிற ஜாதகம். அதைத்தான் நான் எடை போட வேண்டும்.

சரி, இப்போது 7.5-க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2020-ல் தமிழக அரசு, நீட் எழுதித் தேறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. 2021-ல் அதே ஒதுக்கீடு இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இதில் இன்ஜினியரிங் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். இவ்வளவு பேருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் அரசுப் பள்ளியில் படித்தால் போதாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் இலவச இடம் வாங்கி எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி இல்லை. எங்களையும் சேருங்கள் என்று வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஒதுக்கீடு செல்லும் என்றது, உதவி பெறும் பள்ளிகளைச் சேர்க்கும் கோரிக்கையை ஏற்கவில்லை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை இன்ஜினியரிங் விண்ணப்பம் போட வந்தாள். நல்ல மார்க். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 7.5-க்கு டிக் அடித்துவிட்டு ஆறாம் வகுப்பு எந்தப் பள்ளி என்று கேட்டேன். ஊர்ப் பள்ளிதான், கவர்மெண்ட் ஸ்கூல்தான் என்றாள். பள்ளியின் பெயரைப் போட்டுப் பார்த்தால் உதவி பெறும் பள்ளி. ஏழும் அங்கே, எட்டும் அங்கே. நான் டிக்கை எடுத்தேன். கூட வந்த அப்பா, "அதுவும் சர்க்கார் சம்பளம் வாங்குற வாத்தியார்தான சார்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் மார்க் ஷீட்டை எடுத்து பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கவரின் பட்டனை ஒரு தடவை அழுத்தி, விழவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தினாள்.

அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு என் வீடு ஞாபகம் வரவில்லை. அக்கா கேட்டு, பழைய பள்ளிக்கும் பெரிய பள்ளிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மருமகளுக்கு அந்தக் கதவு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சாத்தியாகிவிட்டது. அவள் இனி நான்கில் எதில் சேர்ந்தாலும் 7.5 கிடையாது. யோசிக்கத் தேவையே இல்லை என்று நாங்கள் விட்டுவைத்த பொடியனுக்குத்தான் இன்னும் திறந்திருக்கிறது. ஜூனில் அவன் ஆறாம் வகுப்பில் எங்கே உட்காருகிறானோ, அதோடு அது முடிவாகிவிடும்.

"இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்ல என்ன?" என்று அக்கா கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு விதத்தில் இது மருமகள் விஷயத்தை எளிதாக்கிவிட்டது. அவளுக்கு அரசு, உதவி பெறும் என்ற வித்தியாசத்தால் ஆகப்போவது இப்போது கொஞ்சம்தான். காலேஜ் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் ஆரம்பிக்கும்போதே இரண்டு வகைப் பள்ளிக்கும் உண்டு. தமிழ் வழி என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். பழைய பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும், இந்த ஆயிரமும் கிடைக்காது. அரசுப் பள்ளி ஆங்கில வழிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அத்தானுக்கு ஆங்கில வழி ஆசை. திருப்பூரில் கூட வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானாம். நான் வேண்டாம் என்றேன். ஒன்பதில் திடீரென்று மொழி மாறினால் கணக்கு நன்றாக வரும் பிள்ளைகூட முதல் ஆறு மாசம் கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே தடுமாறும். இன்னொன்றும் உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2010-ல் வந்த சட்டம். 2020-ல் திருத்தியபிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கித் தமிழ் வழிச் சான்று வாங்கி, ஸ்கேன் பண்ண என் கடைக்குத்தான் வருகிறார்கள். எட்டு வருஷம் சேர்த்து வைத்ததை ஒன்பதில் எதற்கு உடைக்க வேண்டும்?

அடுத்தது ஆசிரியர். பள்ளி நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கு வாத்தியார் இருக்கிறாரா, இருந்தால் எத்தனை வருஷமாக, இன்னும் எத்தனை வருஷம் இருப்பார், அவ்வளவுதான் கேள்வி. இதில் அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் குணமே வேறு. அரசு ஆசிரியருக்கு மாறுதல் கலந்தாய்வு உண்டு. நல்லவர் ஒருவர் வந்து பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் சொந்த ஊருக்குப் பக்கத்தில் இடம் காலியானால் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. உதவி பெறும் பள்ளியில் ஒருவர் சேர்ந்தால் பெரும்பாலும் ஓய்வு பெறும் வரை அங்கேயே, அல்லது அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியில். நல்லவர் என்றால் இரண்டு தலைமுறைக்கு யோகம். அப்படி இல்லாவிட்டாலும் அதே இரண்டு தலைமுறைக்குத்தான். பழைய பள்ளியின் மேல்நிலைக் கணக்கு ஆசிரியர் முதல் ரகம், இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கிறார். என் கடைக்கு வரும் பிள்ளைகளில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் யாரிடம் படித்தாய் என்றால் பாதிப் பேர் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

பெரிய பள்ளியில் இயற்பியலுக்கும் கணக்குக்கும் முதுகலை ஆசிரியர் இடம் காலி. கணக்குக்குத் தற்காலிகமாக ஒரு பெண் வருகிறார். நன்றாகத்தான் நடத்துகிறார் என்கிறார்கள். ஆனால் அரசு ஆசிரியர் வேலைக்கான டிஆர்பி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார், தேறினால் எங்கே போடுவார்களோ. பெண்கள் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லாம் இருக்கிறார்கள், ஆய்வகம் நான்கிலும் சுத்தமானது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. (அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து முதலில் சொன்னது அதுதான். பெரிய பள்ளியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்ததாம்.) ஆனால் அங்கே மேல்நிலையில் அறிவியலும் கணக்கும் சேர்ந்த முதல் குரூப் இல்லை. உயிரியல் குரூப், வணிகவியல், தொழிற்கல்வி, அவ்வளவுதான். கணக்குப் பிடித்த பிள்ளையை அங்கே சேர்த்தால் பத்தோடு மறுபடியும் பள்ளி தேட வேண்டும். பத்தோடு தேடுவதுதான் என்றால் வாய்க்கால் பள்ளிக்கே போகலாமே?

பிளஸ் 1 பற்றி ஒரு வார்த்தை. 2017-18-ல் வந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி. ஆனால் பொதுத்தேர்வு வருவதற்கு முன்னால் பல பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு நேரே பிளஸ் 2 பாடத்தை எடுத்தது எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப் படித்தவர்கள் காலேஜில் முதல் வருஷம் பட்ட பாடு கொஞ்சமா. மேல்நிலைக்குப் பள்ளி பார்க்கிறவர்கள், அங்கே பிளஸ் 2-வில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் போன வருஷ இயற்பியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பின்பாதிப் பாடங்களில் பென்சில் கோடு விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பஸ்ஸை எழுதாமல் இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளியையும் ஒப்பிட முடியாது. பெரிய பள்ளிக்கும் பழைய பள்ளிக்கும் எங்கள் விலக்கில் (மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம்) காலை எட்டேகாலுக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒன்பதே முக்காலுக்கு, அதற்குள் முதல் பீரியட் தொடங்கிவிடும். காசு பிரச்சினை இல்லை. பெண் பிள்ளைகளுக்கு 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, பையன்களுக்குப் பாஸ் உண்டு. பிரச்சினை நேரம்தான். பத்தாம் வகுப்புக்குச் சாயங்காலம் சிறப்பு வகுப்பு வைத்தால் விட ஐந்தே கால் ஆகும். நான் ஒரு செவ்வாய்க்கிழமை பழைய பள்ளி ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். நாலரை பஸ் போய்விட்டது. ஐந்தரைக்கு வர வேண்டியது ஆறு ஐந்துக்கு வந்தது. அதுவரை பதினோரு பெண் பிள்ளைகள் டீக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் பையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். இறங்கும் விலக்கிலிருந்து ஊருக்குள் நடக்க இருபது நிமிஷம். பிசான நடவு சமயத்தில், ஐப்பசி கார்த்திகையில், மழையும் இருட்டுமாக இருக்கும். அக்கா காலை ஆறு மணிக்குப் பீடிச் சுளவை மடியில் வைத்தால் ராத்திரி எட்டு வரை எடுக்க மாட்டாள். தினமும் விலக்குக்கு வந்து நிற்க யாருக்கு முடியும்?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்டாப்பில் நின்றபோது நான் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்த்தேன். நம் மாவட்டத்தில் பள்ளி பார்க்கப் போகிறவர் பார்க்க வேண்டிய இடம் அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த ஒரு பட்டியல் சாதிப் பையனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் சாதி காட்டும் கலர் கயிறு கட்ட மாணவர்களைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. பள்ளிக்குள் கயிறு குறைந்திருக்கிறது, உண்மை. பெரிய பள்ளியில் கேட்டிலேயே ஒரு உடற்கல்வி ஆசிரியர் கத்திரியோடு நிற்கிறார். ஆனால் பஸ் ஏறியபின் சட்டைப் பையிலிருந்து வெளியே வருகிறது. எந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த சீட், யார் படிக்கட்டு என்பதெல்லாம் அங்கே தீர்மானமான விஷயம். பள்ளியைவிட அந்த அரைமணி நேரப் பஸ்தான் எனக்குப் பயமாக இருந்தது, முக்கியமாகப் பொடியனை நினைத்து. வாய்க்கால் பள்ளிக்கு எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊரும்தான். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாதையில் நடந்து போகிறார்கள். அதனால் அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுத் தட்டோடு யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பார்த்தேன். கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வரிசை தவிர.

அரசு மாதிரிப் பள்ளி பற்றிக் கேட்டவர்களும் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அங்கேயே தங்கிப் படிப்பது. தேர்ந்தெடுத்து எடுக்கிறார்கள், நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் பண்ணுவது அதன் நோக்கம். ஆனால் அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, மருமகள் உதவி பெறும் பள்ளியிலிருந்து வருகிறவள். தவிர அவள் விடுதி என்ற வார்த்தையைக் கேட்டதுமே அடுப்படிக்குள் போய்விட்டாள். பேச்சு அதோடு சரி.

மற்றவை நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகையை எந்தப் பள்ளியில் இருந்தாலும் போடலாம், வருஷா வருஷம் நான்தான் அக்காவுக்குப் போட்டுக் கொடுக்கிறேன். எட்டில் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், அதுவும் இரண்டு வகைப் பள்ளிக்கும் உண்டு. எங்கள் பிள்ளை எழுதினாள், கிடைக்கவில்லை. ஹைடெக் லேப் என்கிற கம்ப்யூட்டர் அறை அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. எங்கே பூட்டைத் திறக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம், வாய்க்கால் பள்ளியில் சாவி தலைமையாசிரியர் மேஜையிலேயே கிடந்தது.

கடைசியில் தாளில் இரண்டுதான் நின்றது. மருமகளுக்கு வாய்க்கால் பள்ளியா, பழைய பள்ளியா. பழைய பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் பலம். ஆனால் அவர் மேல்நிலைக்குத்தான் எடுக்கிறார், ஒன்பது பத்துக்கு வேறு ஆள். அப்படியென்றால் இரண்டு வருஷம் கழித்துப் போனால் போதுமே? பத்தில் நல்ல மார்க் இருந்தால் பிளஸ் 1-ல் இடம் கொடுப்பார்களா என்று நேரே போய்க் கேட்டேன். தங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போகத்தான் வெளியார், ஆனால் முதல் குரூப்புக்கு ஆள் தேடவேண்டிய நிலைமைதான் இப்போது என்றார்கள். வாய்க்கால் பள்ளிக் கணக்கு டீச்சர் வந்து நான்கு வருஷம் ஆகிறது, வீடு வீரவநல்லூரில், ரயிலில் காருகுறிச்சி வந்து அங்கிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். இங்கிருந்து மாறுதல் கேட்பீர்களா என்று வெட்கம் இல்லாமல் கேட்டுவிட்டேன். "இதைவிடப் பக்கத்துல எனக்கு எங்க கிடைக்கும்?" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே மருமகளை அங்கே சேர்ப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன். இரண்டு வருஷம் நடை, பிறகு பழைய பள்ளி. பிளஸ் 1-ல் சைக்கிளும் வந்துவிடும், விலக்கு வரை இருட்டில் நடக்க வேண்டாம்.

பொடியனையும் அங்கேயே ஆறில் சேர்ப்பது என்றேன். டாக்டர் ஆவானா, இன்ஜினியர் ஆவானா யாருக்குத் தெரியும். இப்போதைக்கு அவனுக்குப் பட்டம் விடுவதும் வாய்க்காலில் குதிப்பதும்தான் வேலை. ஆனால் அவன் அக்காவுக்கு நாங்கள் தெரியாமல் சாத்தியதை இவனுக்குத் தெரிந்தே சாத்த வேண்டாம். அவனுக்குப் பத்துக்குப் பிறகு பழைய பள்ளி கிடையாது, பெரிய பள்ளிதான் போக வேண்டும். அதற்குள் அங்கே கணக்குக்கு ஆள் போட்டிருப்பார்கள் என்று நம்பிக்கொள்கிறேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து நடந்து போவார்கள் என்பதில்தான் என் அக்காவுக்கு ரொம்பத் திருப்தி. 7.5 எல்லாம் அவளுக்கு இரண்டாவதுதான்.

மே மாதம் டிசி வாங்க ஊர்ப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை எனக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர், இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு. மருமகளுக்கு டிசி எழுதிவிட்டு, "பொடியனுக்கும் வேணும் டீச்சர்" என்று அக்கா சொன்னதும் பேனாவை மேஜையில் வைத்தார். உதவி பெறும் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம். ஆறாம் வகுப்பில் இந்த வருஷம் ஒன்பது பேர்தான் வருவதாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் 7.5-ஐ விளக்கினேன். அவருக்கு முன்பே தெரியும், நான் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு டிசியை எழுதி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து அக்காவிடம் கையெழுத்து வாங்கினார்.

"இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் உன் கடைக்குத்தான ஃபாரம் போட வருது?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா டீச்சர்."

"வார எல்லாருக்கும் இதைத்தான் சொல்லப் போறியா?"

அக்கா டிசி இரண்டையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அதை வாங்கி, பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.